உப்பளத்துச் சேமிப்பு யார் கையில்?

புத்தளத்துக்குத் தெற்கே பாலாவிச் சந்தியில் கற்பிட்டி வீதி பிரிகிறது. அந்தப் பக்கமெல்லாம் களப்போர உப்பளங்கள். அங்கே நெடுநாள் வேலை செய்தவர் முதலில் உப்பைப் பார்க்க மாட்டார், தண்ணீரைப் பார்ப்பார். களப்பு நீரை ஒரு பாத்தியில் தேக்கிக் காயவிட்டு, கனம் ஏறியதும் அடுத்த பாத்திக்கு மாற்றி, பிறகு அதற்கடுத்ததற்கு மாற்றுவார்கள். கனம் அளக்கும் மிதவைக் கண்ணாடி போமே அளவையில் ஏறத்தாழ 25 பாகை காட்டும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். சுண்ணாம்பும் ஜிப்சமும் அதற்கு முந்திய பாத்திகளிலேயே இறங்கியிருக்க வேண்டும். 30 பாகையைத் தாண்ட விட்டால் மக்னீசியக் கசப்பு ஏறிவிடும். வரம்பு உடையாமல், மடை கசியாமல், நீர் உரிய நேரத்தில் உரிய பாத்திக்குப் போயிருந்தால் உப்பு தானாக வரும். குவியலின் வெண்மையை மட்டும் பார்த்து விலை பேசுகிறவர் தொழிலுக்குப் புதியவர்.

பிறர் பணத்தை வாங்கி முதலீடு செய்து நடத்தும் நிறுவனங்களைத் தரமிடல் முகவர்கள் எப்படி எடைபோடுகிறார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கியபோது எனக்கு இந்தப் பாத்திகள்தான் நினைவுக்கு வந்தன. அவர்களும் போன வருட இலாபத்தைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். பணம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு மாறுகிறது, ஒரு கை செய்ததை இன்னொரு கை சரிபார்க்கிறதா, விலையை யார் எழுதுகிறார், எழுதியவருக்கு அதில் ஆதாயம் உண்டா என்பவையே அவர்களுடைய முதற் கேள்விகள். இந்தக் கேள்விகள் கொழும்புப் பங்குச் சந்தைக்காரருக்கு மட்டும் உரியவை என்று நினைப்பது தவறு. உப்பளத்திலும், சீமெந்துத் தொழிற்சாலையிலும், இறால் பதனிடும் ஆலையிலும், மாரவில, வென்னப்புவப் பக்கத்துத் தேங்காய்த்துருவல் ஆலைகளிலும் சம்பளம் வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு சொத்து முகாமையாளர் இருக்கிறார். அவரை யாரும் தெரிவு செய்யவில்லை. சட்டம் தந்தது. ஊழியர் சேமலாப நிதியம் என்று அதற்குப் பெயர்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் அதை உருவாக்கியது. தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம், ஆக 20 சதவீதம் மாதந்தோறும் அங்கே போகிறது. நிரந்தர ஊழியருக்கு மட்டுமல்ல, நாட்கூலிக்கும், துண்டு வேலைக்கும், ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவருக்கும் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பணத்தை எடுக்கலாம். 2021 முடிவில் நிதியத்தின் பெறுமதி 3 ட்ரில்லியன் ரூபாயைத் தாண்டியிருந்தது. நாட்டில் இதைவிடப் பெரிய நிதியம் வேறு இல்லை. பதிவும் நிலுவை அறவீடும் தொழில் திணைக்களத்தின் பொறுப்பு. முதலீடும் கணக்கும் மத்திய வங்கியின் பொறுப்பு.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தரமிடல் என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது கடன் தரமிடல். ஒரு நிதிக் கம்பனி நம் வைப்பைத் திருப்பித் தருமா என்பதற்கான மதிப்பெண் அது. 2008 டிசம்பரில் கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி விழுந்து ஏறத்தாழ 26 பில்லியன் ரூபாய் வைப்புகள் சிக்கிய பிறகுதான், வட்டி வீதத்தைத் தவிர வேறொன்றையும் கேட்க வேண்டும் என்ற எண்ணமே பலருக்கு வந்தது. 2020இல் த பினான்ஸ் கம்பனியினதும் ஈ.டி.ஐ. நிறுவனத்தினதும் உரிமங்கள் இரத்தானபோது அந்தப் பாடத்தை மறுபடியும் படித்தோம். ஆனால் சொத்து முகாமையாளர் வைப்பு வாங்குபவர் அல்லர். பணம் நம்முடையதாகவே இருக்கிறது. நட்டம் வந்தாலும் நம்முடையதே. ஆகவே அவரைப் பார்த்து ‘திருப்பித் தருவாயா’ என்று கேட்பதில் பொருளில்லை. ‘என் பணத்தை எப்படிக் கையாளுகிறாய்’ என்றுதான் கேட்க வேண்டும்.

இந்த இரண்டாவது கேள்விக்குத் தனியான அளவுகோல்கள் உருவாகின. ஃபிட்ச் ஒருகாலத்தில் நிறுவனம், கட்டுப்பாடுகள், முதலீடு, செயற்பாடுகள், தொழில்நுட்பம் என்று ஐந்து தூண்களை வைத்து மதிப்பிட்டது. பின்னர் அதை மாற்றி, மிகச் சிறப்பில் தொடங்கிப் பலவீனத்தில் முடியும் ஐந்து படிகளாக்கியது. மூடீஸ் எம்.கியூ. 1 முதல் 5 வரை ஓர் அளவை வைத்தது. அதோடு 2006இல் ஹெட்ஜ் நிதியங்களின் செயற்பாட்டுத் தரத்துக்கென்றே ஓ.கியூ. என்ற தனி மதிப்பீட்டையும் தொடங்கியது. பாகிஸ்தானில் சொத்து முகாமைக் கம்பனிகள் இத்தகைய தரமிடலைப் பெறுவது ஒழுங்குவிதியால் வந்த கடமை. இலங்கையிலும் ஃபிட்ச்சின் கிளை இருக்கிறது. வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும் கொடுக்கும் கடன் தரமிடலால்தான் அதை மக்கள் அறிவார்கள்.

ஆய்வாளர்கள் செய்வது என்ன? முதலில் நீண்ட கேள்விக்கொத்து ஒன்றை அனுப்புகிறார்கள். பிறகு நேரில் போய் அலுவலகத்தில் உட்காருகிறார்கள். என் கண்ணில் மிகப் பயனுள்ளது, அவர்கள் ஒரேயொரு கொடுக்கல்வாங்கலை எடுத்துத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பின்தொடர்வது. ஒரு முறியை வாங்க வேண்டும் என்று முடிவெடுத்தவர் யார்? அந்த முடிவு எந்தத் தாளில் இருக்கிறது? எந்தத் தொலைபேசியில் வாங்கினார்கள், அந்த உரையாடல் பதிவானதா? அன்று சந்தையில் அதே முறி என்ன விலைக்குப் போனது? வாங்கியதை உறுதிப்படுத்தியவர் வாங்கியவரேதானா, வேறொருவரா? பணத்தை விடுவித்தவர் யார்? முறி இப்போது எந்தக் காவலில் இருக்கிறது? மாத முடிவில் அதற்கு விலை போட்டவர் யார்? கடைசியில் அந்த இலாபமோ நட்டமோ உறுப்பினரின் கணக்கில் எப்படி வந்து சேர்ந்தது? வாங்குகிற மேசையை முன் அலுவலகம் என்றும், ஆபத்தையும் வரம்புகளையும் கண்காணிக்கும் மேசையை நடு அலுவலகம் என்றும், தீர்ப்பனவும் பதிவும் செய்யும் மேசையைப் பின் அலுவலகம் என்றும் சொல்வார்கள். இந்த மூன்றும் ஒரே ஆளின் கீழ் வந்தால் மதிப்பெண் விழும். கேட்கிறபோது அலுப்பூட்டும் சமாசாரம்தான். ஆனால் உலகின் பெரிய முதலீட்டு மோசடிகளில் பல, இந்த அலுப்பான இடங்களில்தான் குடியிருந்தன.

அமெரிக்காவில் பெர்னார்ட் மேடாஃப் 2008 டிசம்பர் 11ஆம் திகதி கைதானபோது வாடிக்கையாளர் கணக்குத் தாள்களில் இருந்த தொகை ஏறத்தாழ 65 பில்லியன் டொலர். தாளில் மட்டும். அவரே முதலீட்டை முடிவுசெய்தார், அவருடைய தரகு நிறுவனமே வாங்கி விற்றதாகச் சொன்னது, அதே நிறுவனமே பங்குகளைக் காவல் வைத்திருப்பதாகவும் சொன்னது. அத்தனை பெரிய தொகைக்குக் கணக்காய்வு செய்ததோ நியூயோர்க்குப் புறநகர் ஒன்றின் மிகச் சிறிய அலுவலகம். அவருடைய முதலீட்டு உத்தியைப் புரிந்துகொள்ளப் பெரும் கணித அறிவு தேவைப்பட்டிருக்கலாம். காவல் யாரிடம் என்று கேட்க அது தேவையில்லை. செயற்பாட்டை மட்டும் ஆராய்ந்த சிலர் அந்தக் கேள்வியோடே விலகிப் போனார்கள்.

இந்தியாவில் நடந்தது வேறு விதம். அங்கே மோசடியைவிட விலை எழுதும் முறைதான் கேடு செய்தது. யூனிட் ட்ரஸ்ட் ஆஃப் இந்தியா 1964இல் தொடங்கிய யு.எஸ்.-64 திட்டத்தில் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் உட்பட இலட்சக்கணக்கானோர் ஓய்வுகாலப் பணத்தைப் போட்டிருந்தார்கள். யூனிட்டின் விலையை அதன் கையிருப்பின் சந்தை மதிப்பிலிருந்து கணக்கிடாமல் நிர்வாகமே அறிவித்து வந்தது. 2001 யூலைத் தொடக்கத்தில் விற்பதையும் திரும்ப வாங்குவதையும் திடீரென நிறுத்தினார்கள். அதற்குச் சற்று முன்புவரை 14 ரூபாய்க்கு மேல் விலை சொல்லப்பட்ட யூனிட்டின் உண்மையான நிகர மதிப்பு, வெளியானபோது 6 ரூபாய்க்கும் கீழ் இருந்தது. விலை எழுதியவரும் அந்த விலையால் நல்ல பெயர் வாங்கியவரும் ஒருவராகவே இருந்தார்கள் என்பதுதான் அங்கே உடைந்த வரம்பு.

இனி நம் நிதியத்துக்கு வருகிறேன்.

2015 பெப்ரவரி 27ஆம் திகதி மத்திய வங்கியின் பொதுப்படுகடன் திணைக்களம் 30 வருடத் திறைசேரி முறிகளை ஏலம் விட்டது. கேட்டது 1 பில்லியன் ரூபாய். ஏற்றுக்கொண்டது 10.058 பில்லியன். அதில் ஏறத்தாழப் பாதி பெர்பெச்சுவல் ட்ரெஷரீஸ் என்ற ஒரே முதனிலை வணிகருக்குப் போனது. அந்நிறுவனம் அப்போதைய ஆளுநரின் மருமகனுடன் தொடர்புடையது. இந்தக் கதையை எல்லோரும் அரசியல் கதையாகக் கேட்டிருக்கிறோம். தேர்தல் மேடைகளில் எத்தனையோ முறை சொல்லப்பட்டும்விட்டது. சேமலாப நிதிய உறுப்பினருக்கு முக்கியமான பகுதியோ அந்த மேடைகளில் அதிகம் வரவில்லை. நிதியத்திடம் தேவையான பணம் இருந்தது. ஏலத்தில் நேரடியாகக் கலந்துகொள்ளும் உரிமையும் இருந்தது. அப்படியிருந்தும் ஏலத்தில் வாங்கியிருக்கக்கூடிய முறிகளை, பிறகு இரண்டாந்தரச் சந்தையில், கூடிய விலை கொடுத்து, சில வேளை இடையில் இன்னொருவர் ஊடாக வாங்கியது.

2017 சனவரியில் நியமிக்கப்பட்ட சனாதிபதி ஆணைக்குழு அவ்வாண்டின் டிசம்பர் இறுதியில் அறிக்கை தந்தது. 2018 சனவரி 3ஆம் திகதி சனாதிபதி நாட்டு மக்களுக்கு ஆற்றிய விசேட உரையில் இரண்டு எண்களைச் சொன்னார். இரண்டாந்தரச் சந்தையில் அந்த வணிகர் ஈட்டிய இலாபம் 11,145 மில்லியன் ரூபாய். சேமலாப நிதியத்துக்கும் ஏனைய அரச நிறுவனங்களுக்கும் வந்த நட்டம் 8,529 மில்லியன் ரூபாய். ஒரு பக்கத்தின் இலாபம் மறுபக்கத்தின் நட்டமாக எழுதப்படுவதைக் கணக்குப் புத்தகத்தில் பார்த்துப் பழகியவன் நான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளில் என்னால் வேறு வேலை செய்ய முடியவில்லை. நாட்டின் எல்லா மூலைகளிலும் எட்டு சதவீதமாக வெட்டப்பட்ட சில்லறை அது.

ஒரு தரமிடல் ஆய்வாளர் அந்நாளில் நிதியத்தின் வணிக அறையில் உட்கார்ந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று நினைத்துப் பார்க்கலாம். சதித்திட்டத்தைக் கண்டுபிடித்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் பொலிஸ் அல்லர். ஆனால் வாங்கிய ஒவ்வொரு முறியின் விலையையும் அதே வாரத்து ஏல விலையோடு ஒப்பிடும் வேலை யாருடையது என்று கேட்டிருப்பார். அந்த ஒப்பீட்டுத் தாளை எடுத்துக் காட்டச் சொல்லியிருப்பார். ஒரே எதிர்த்தரப்பிடம் மறுபடி மறுபடி வாங்கினால் மணி அடிக்கும் ஏற்பாடு உண்டா, அந்த மணியோசை வணிகரின் மேலதிகாரிக்கு அல்லாமல் வேறொருவர் காதுக்குப் போகிறதா என்று கேட்டிருப்பார். வணிகர்கள் கட்டாய விடுமுறையில் போகிறார்களா, அவர்கள் இல்லாத இரண்டு வாரம் அந்த மேசையில் வேறொருவர் இருந்தாரா என்று கேட்பதும் வழக்கம். இந்த நான்கைந்து கேள்விகளுக்கு எழுத்தில் பதில் இல்லையென்றால் அதுவே மதிப்பெண்ணைக் கீழே இறக்கப் போதும்.

நிறுவன அமைப்பும் தரமிடுவோரை யோசிக்க வைத்திருக்கும். அரசாங்கத்துக்காக முறிகளை விற்றதும் மத்திய வங்கி. அந்த முறிகளை உறுப்பினருக்காக வாங்கியதும் மத்திய வங்கி. வட்டி வீதத்தைத் தீர்மானிப்பதும், வணிகர்களை மேற்பார்வை செய்வதும், முறிகளைக் காகிதமின்றிப் பதிந்து வைக்கும் லங்கா செக்கியுவர் வைப்பகத்தை நடத்துவதும் மத்திய வங்கியே. விற்பவர் கூடிய விலை கேட்க வேண்டும், வாங்குபவர் குறைத்துக் கேட்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே சபை முதலாளியானால் பேரம் எங்கே நடக்கும்? ஒரு சிறிய யூனிட் ட்ரஸ்ட் இந்த நாட்டில் தொடங்க வேண்டுமானால், பணத்தை நடத்தும் முகாமைக் கம்பனி வேறு, சொத்தைக் காவல் வைத்திருக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளர் வேறு என்று பிரித்தே ஆக வேண்டும். சில நூறு மில்லியனுக்கு நாம் வைத்த விதி அது. ட்ரில்லியன்களுக்கு அதை வைக்கவில்லை.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மேடாஃப் செய்ததுபோல் இல்லாத சொத்தை இருப்பதாகக் காட்டுவது இங்கே ஏறக்குறைய முடியாத காரியம். நிதியத்தின் முதலீட்டில் 90 சதவீதத்துக்கு மேல் அரச பிணையங்கள், அவை வைப்பகத்தில் பதிவாகியுள்ளன, கணக்காய்வாளர் தலைமை அதிபதி ஆண்டுதோறும் பார்க்கிறார். ஏல முறையும் 2017 யூலையில் மாற்றப்பட்டது. நிதியத்தின் பங்கு முதலீடுகள் மீதும் முறி வழங்கல்கள் மீதும் தடயக் கணக்காய்வுகள் நடந்து, அறிக்கைகள் 2020 தொடக்கத்தில் பாராளுமன்றத்துக்குப் போயின. 2024ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பொதுப்படுகடன் முகாமைத்துவச் சட்டம், கடன் திரட்டும் வேலையை நிதி அமைச்சின் கீழ் ஒரு தனி அலுவலகத்துக்கு மாற்ற வழி செய்தது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நிலை அத்தோடு தளரத் தொடங்கியது. 1958இலிருந்து எண்ணினால் அதற்கு அறுபத்தாறு வருடம் பிடித்திருக்கிறது.

பங்குகளின் பக்கம் சுருக்கமாக ஒரு சொல். நிதியம் சந்தையில் விலையில்லாத கம்பனிகளிலும் பணம் போட்டது. 2010இல் ஸ்ரீலங்கன் விமான சேவையில் 500 மில்லியன் ரூபாய், பின்னர் கொழும்பில் ஹயாட் ஹோட்டல் கட்டும் திட்டத்தைக் கொண்ட கன்வில் ஹோல்டிங்ஸில் 5 பில்லியன் ரூபாய். தரமிடுவோரின் கேள்வி ஹோட்டல் நல்ல முதலீடா என்பதாக இராது. சந்தை விலையே இல்லாத ஒன்றுக்கு யார், எந்த முறையில், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மதிப்புப் போடுகிறார்? வாங்கச் சொன்ன யோசனை முதலீட்டுக் குழுவிலிருந்து வந்ததா, வெளியிலிருந்து வந்ததா? வெளியிலிருந்து வந்த யோசனையை மறுத்த பதிவு ஒன்றாவது இருக்கிறதா? கடைசிக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. ‘இல்லை’ என்று ஒருமுறையும் சொன்னதில்லை என்றால், ‘ஆம்’ என்று சொன்னதற்கு எடை கிடையாது.

2023இல் அந்தக் கேள்வி உச்சத்துக்கு வந்தது. நாடு கடனைத் திருப்பித் தரமுடியாமல் விழுந்த பிறகு, உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் திட்டத்தை யூலை 1ஆம் திகதி பாராளுமன்றம் ஏற்றது. ஓய்வூதிய, சேமலாப நிதியங்கள் தம்மிடமிருந்த முறிகளைக் கொடுத்துப் புதிய நீண்டகால முறிகளை வாங்கிக்கொள்ள வேண்டும். புதியவற்றுக்கு 2026 வரை 12 சதவீதம், பிறகு முதிர்வு வரை 9 சதவீதம். சேராத நிதியத்துக்கு 14 சதவீத வரிக்குப் பதிலாக 30 சதவீத வரி. இதைத் தெரிவு என்று பெயரிட்டார்கள். வங்கிகளின் ரூபாய் முறிகளைத் தொடவில்லை. சேமலாப நிதியம் செப்டெம்பரில் சேர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டில், கொழும்பு விலைச்சுட்டியில் பணவீக்கம் செப்டெம்பரில் 69.8 சதவீதம் வரை போயிருந்தபோது, உறுப்பினருக்குக் கிடைத்தது 9 சதவீத வட்டி. உப்பளத் தொழிலாளி பத்து வருடம் சேர்த்ததில் கணிசமான பகுதி வாங்கும் சக்தியில் கரைந்து போனது, விடியற்காலை மழையில் பாத்தி உப்புக் கரைவதுபோல. ஆனால் கணக்குத் தாளில் ஒரு ரூபாயும் குறையவில்லை. முறிகளை முதிர்வுவரை வைத்திருப்பதாகக் கொண்டு கொள்விலை அடிப்படையில் எழுதும் முறை கணக்கியல் நியமப்படி சரியானதே. உறுப்பினருக்கு நடந்ததை அந்த முறை காட்டாது என்பதும் சரியே. யு.எஸ்.-64இன் நிழல் இந்த இடத்தில் எனக்குத் தெரிகிறது. தொழிற்சட்டப்படி கட்டாயமாகச் சேர்ந்த உறுப்பினர் சார்பில் அந்தப் பரிமாற்றத்துக்குச் சம்மதம் சொன்னவர்கள், அதே நெருக்கடியைத் தீர்க்கும் பொறுப்பிலும் இருந்தவர்கள். ஒருவேளை சேர்ந்ததே அன்றைக்குக் குறைந்த நட்டமாக இருக்கலாம். அதைச் சொல்லத் தனி மனிதர்கள், உறுப்பினரின் நலனை மட்டும் பார்க்கும் மனிதர்கள், அந்த மேசையில் இருந்திருக்க வேண்டும்.

இதுவரை முன் அலுவலகத்தைப் பற்றிப் பேசினேன். புத்தளம் கரையில் நிதியத்தின் பின் அலுவலகம்தான் மக்களுக்குத் தெரிந்த முகம். தரமிடுவோரும் அதை ஒரு தூணாகப் பார்க்கிறார்கள்: வாடிக்கையாளரின் பதிவு சரியா, பணம் உரியவரிடம் உரிய நேரத்தில் போகிறதா? ஒவ்வொரு மாதமும் முதலாளி சி படிவம் நிரப்ப வேண்டும். அதில் பெயர், உறுப்பினர் எண், அடையாள அட்டை எண், தொகை. இங்கேயே எல்லாம் பிசகத் தொடங்கும். ஒரே மனிதர் பிறப்புச் சான்றிதழில் முகம்மது காசிம், அடையாள அட்டையில் மொஹமட் காசீம், கம்பனியின் சம்பளப் பட்டியலில் எம்.எம். காசிம். மூன்று மொழியில் எழுதும் நாட்டில் ஒரு பெயர் மூன்றாகிறது. 2016இலிருந்து அடையாள அட்டை எண் பன்னிரண்டு இலக்கமானது. பழைய அட்டையோ ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். முதல் வேலையில் பழைய எண், மூன்றாம் வேலையில் புதிய எண். ஒரு ஆளுக்கு இரண்டு மூன்று கணக்குகள்.

இந்தக் கரைக்கு இன்னொரு காயமும் உண்டு. 1990 அக்டோபரில் மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளிலிருந்து வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம், கற்பிட்டிப் பக்கங்களில் வந்து இறங்கினார்கள். கையில் எடுத்துவர விட்டது மிகக் கொஞ்சம். வடக்கில் ஆலையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வேலை செய்தவருக்கு அங்கே ஒரு கணக்கு இருந்திருக்கும். அதன் உறுப்பினர் அட்டையான பி அட்டை வீட்டோடு போயிற்று, முதலாளியின் கந்தோரும் போயிற்று. அவரவர் பிறகு இங்கே உப்பளத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் இறால் பண்ணையிலும் நாட்கூலிக்குப் போனார்கள். சட்டம் நாட்கூலிக்கும் உரிமை உண்டு என்கிறது. கங்காணியின் கொப்பியில் பெயரின் பாதியும் நாள் எண்ணிக்கையும் மட்டும் இருந்தால் அந்த உரிமை சி படிவத்தை எட்டாது. ஒரு தரமிடல் அறிக்கையில் இது ‘பதிவுகளின் முழுமை’ என்று இரண்டு சொல்லில் வரும் விடயம். முந்தலிலும் ஆலங்குடாவிலும் அது ஒரு முதியவரின் வயோதிக காலம்.

தொழில்நுட்பத் தூணையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். 2023இல் அரசாங்கத்தின் மேகக் கணினியைக் கப்பம் கேட்கும் நச்சுநிரல் தாக்கி, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் ஏறத்தாழ 5,000 முகவரிகளில் அழிந்தன. அந்தக் காலத்துக்குத் தனியாக எடுத்துவைத்த பிரதி இருக்கவில்லை. அது சேமலாப நிதியத்தின் கணினியில் நடந்ததல்ல. ஆனால் தரமிடுவோர் ‘கடைசியாக எப்போது பிரதியிலிருந்து முழுவதையும் மீட்டுப் பார்த்தீர்கள்’ என்று ஏன் கேட்கிறார்கள் என்பதற்கு நமக்கு இனி வெளிநாட்டு உதாரணம் வேண்டியதில்லை. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட செயலிலுள்ள கணக்குகளைக் கொண்ட ஒரு நிதியத்தில் அந்தக் கேள்விக்கு ஆண்டுதோறும் பகிரங்கமான பதில் வேண்டும்.

தரமிடல் முகவர்களை வானத்திலிருந்து வந்தவர்களாக நான் காட்டவில்லை. மதிப்பெண்ணுக்குப் பணம் தருபவர் பெரும்பாலும் மதிப்பெண் பெறுபவரேதான். பிடிக்காத மதிப்பெண் வந்தால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வெளியேறலாம். 2008க்கு முன் அமெரிக்க வீட்டுக்கடன் பிணையங்களுக்கு மிக உயர்ந்த தரம் கொடுத்துக்கொண்டிருந்ததும் இதே முகவர்கள். செயற்பாட்டுத் தரமிடலில் இன்னொரு பலவீனமும் உண்டு. எழுதிவைத்த விதியைப் பார்த்து மதிப்பெண் போடுவது சுலபம், விதி மீறப்பட்ட நாளைக் கண்டுபிடிப்பது கடினம். கையேடு தடித்ததாக இருந்தால் மதிப்பெண்ணும் தடிக்கும் என்று தொழிலிலுள்ள சிலரே குறைப்படுவதுண்டு. நல்ல ஆய்வாளர் அதனால்தான் கையேட்டை ஒதுக்கிவிட்டுப் பிழைப் பதிவேட்டைக் கேட்கிறார். பிழைப் பதிவேடு வெறுமையாக இருந்தால் மகிழமாட்டார், சந்தேகப்படுவார்.

ஆனால் இந்த அளவுகோலுக்குச் சந்தையில் ஒரு கூர்மை இருக்கிறது. மதிப்பெண் விழுந்த முகாமையாளரிடமிருந்து பெரிய முதலீட்டாளர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடலாம். அந்தப் பயம்தான் பின் அலுவலகத்தை ஒழுங்காக வைத்திருக்கிறது. சேமலாப நிதிய உறுப்பினருக்கு வெளியேறும் கதவு இல்லை. பொதுவாக ஆண் 55 வயது வரை, பெண் 50 வயது வரை காத்திருக்க வேண்டும். வெளியேற முடியாதவருக்குத்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அதிகம் வேண்டும். ஆகவே நான் கேட்பது ஒரு நட்சத்திரக் குறியை அல்ல. முகாமையோடு தொடர்பற்ற, நிதியத்திடமிருந்து அல்லாமல் பாராளுமன்றத்திடமிருந்து பணிப்பு வாங்கிய ஒருவர், தரமிடுவோர் கேட்கும் அதே கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். ஆண்டில் எத்தனை பிழை நடந்தது, எத்தனை வரம்பு மீறல், வாங்கிய விலைக்கும் அன்றைய சந்தை விலைக்கும் இடைவெளி எவ்வளவு, எத்தனை பேரின் பணம் பெயர்ப் பிழையால் தேங்கிக் கிடக்கிறது என்பதை எழுத வேண்டும். அந்த அறிக்கை சிங்களத்திலும் தமிழிலும், பொருளியல் படிக்காதவரும் வாசிக்கும் விதத்தில், தொழில் கந்தோர்களின் சுவரில் ஒட்டப்பட வேண்டும். சிலாபத்திலும் புத்தளத்திலும் அப்படியான கந்தோர்கள் இருக்கின்றன. சுவர்களும் இருக்கின்றன.

முதலாளி ஊடாக வரும் ஆண்டுக் கணக்குத் துண்டு ஒன்றை அண்மையில் ஒரு வீட்டில் வாசித்துக் காட்டினேன். தேங்காய்த்துருவல் ஆலையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து, வருகிற ஆண்டு ஐம்பது வயதாகிறவர். உறுப்பினர் எண், ஆரம்ப மீதி, பங்களிப்பு, வட்டி, முடிவு மீதி என்று ஒவ்வொரு வரியாக வாசித்தேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, வட்டி வரியில் விரலை வைத்து, “இத யாரு கணக்குப் பாக்குறது தம்பி?” என்று கேட்டார். மத்திய வங்கி என்றேன். “அவங்கள யாரு பாக்குறது?” என்றார். துண்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பணத்தை எடுக்க விண்ணப்பிக்கும் கே படிவத்தை நிரப்ப என்னென்ன பத்திரம் வேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன்.